என் படுக்கையறையில் ஸ்காட்லாந்து

குக்கர் வைக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, தண்ணீர் மோட்டார் போடக் கூடாது, காலிங் பெல்லின் வயரைக் கொழுந்தன் மதிவாணன் ஆபீஸ் போகும்போதே உருவி விட்டுப் போய்விட்டான், இருமல் வந்தால்கூடக் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த்தான் இருமவேண்டும் போலிருக்கிறது, என் வீட்டில், என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் நான். கதவுக்கு அந்தப் பக்கம், என் படுக்கையறையில், மதிவாணன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அல்லி, ஸ்காட்லாந்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மாடியில் அவர்கள் போர்ஷனில் வைஃபை விட்டுவிட்டு வருகிறதாம், சுவர் வேறு உப்புப் பூத்துக் கிடக்கிறதாம். 'அக்கா, உங்க ரூம்தான் வீடியோவுல பளிச்சுனு இருக்கும்' என்றாள். இருக்கும். நான் துடைத்தால் எதுதான் பளிச்சென்று இருக்காது. முருங்கைக்கீரை ஆய்வது சத்தமில்லாத வேலை என்பதால் அது ஒன்று எனக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, இலை பாத்திரத்துக்கு, காம்பு பேப்பருக்கு, இலை பாத்திரத்துக்கு, காம்பு பேப்பருக்கு. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று நம் நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து அரை வருஷம் வைத்துக்கொள்ளுமாம், அங்கே வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்க்கலாமாம், பாடம் எடுக்கும் முறைகளைப் படிக்கலாமாம், திரும்பி வந்து இங்கே செய்யலாமாம். விமான டிக்கெட், ஜாகை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. திருவெறும்பூர்ப் பக்கத்தில் ஒரு ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் இரண்டு வடிகட்டல் தாண்டி வந்துவிட்டாள். இன்றைக்குக் கடைசி. இதில் தேறினால் செப்டம்பரில் போகிறாள், தேறாவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். கேமராவில் அவளுக்குப் பின்னால் தெரிவது என் வெளிர்நீலத் திரைச்சீலை. உடம்பில் என் எலுமிச்சை மஞ்சள் கோட்டா புடவை, 'உங்க புடவை கட்டுனா ஒரு தைரியம் வருதுக்கா' என்று வாங்கிக்கொண்டு போனது, கொசுவம் சரியாக வைக்கத் தெரியாமல் நான்தான் முட்டி போட்டு நீவிவிட்டேன். வாயில் என் இங்கிலீஷ். அறை என்னுது, திரை என்னுது, புடவை என்னுது, பாஷை என்னுது, போகப்போவது மட்டும் அவள்.

குட் மார்னிங் என்று ஆரம்பித்தாள், அவர்களுக்குக் காலை என்று ஞாபகம் வைத்திருக்கிறாளே, பரவாயில்லை. ஒரு ஆண்குரல், ஒரு பெண்குரல். ஆண் நிதானமாகப் பேசுகிறான். பெண் வெந்நீர் கொதிக்கிற மாதிரி பேசுகிறாள், கொப்புளம் கொப்புளமாக, எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இவளுக்கு என்ன புரியப்போகிறது. எனக்குக் காது அப்படி. எங்கள் கான்வென்டில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு சின்ன மரப்பலகையை மாட்டிவிடுவார்கள், அதைக் கழற்றவேண்டுமானால் தமிழ் பேசுகிற இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். படித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பலகை என் கழுத்துக்கு வந்ததே இல்லை. யார் எந்தத் தூணுக்குப் பின்னால் என்ன முனகினாள் என்று எனக்குத் தெரியும், பலகை மாட்டினவள் நேராக என்னிடம்தான் வந்து நிற்பாள். சுகுணாவுக்குக் காது இருக்கிறது என்பார் சிஸ்டர் பெர்னடெட். இதைப் பெருமையாகத்தான் ஒருநாள் அல்லியிடம் சொன்னேன். அவள் இட்லியைப் பிட்டபடி, 'பசிச்சா என்னக்கா செய்வீங்க, இங்கிலீஷ்லயா பசிக்கும்?' என்றாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, 'ரொம்பப் பயமா இருந்திருக்குமேக்கா' என்றாள். எனக்கென்ன பயம், பலகை மாட்டினவளுக்கல்லவா பயம் என்றேன். 'சரிங்க்கா' என்றாள். அதுதான், அந்தச் சரிங்க்கா. எதைச் சொன்னாலும் ஒரு சரிங்க்கா. ஒத்துக்கொள்கிறாளா, ஒதுக்கி வைக்கிறாளா, பதினைந்து வருஷமாகிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவள், தட்டில் ஃபோர்க்கைப் பார்த்துவிட்டு 'இது எதுக்குக்கா, நம்ம கைக்கு என்ன கொறச்சல்' என்றவள். அவளை ஸ்காட்லாந்து கூப்பிடுகிறது. நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் முதல் வகுப்பு. படித்த கான்வென்டிலேயே வந்து சேர் என்று சிஸ்டர் ஆள் விட்டு அனுப்பினார், நாளைக்கே வா என்று. மாமியார் இதே கூடத்தில், இதோ இந்த ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, 'நம்ம வீட்டு மருமக வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரியணுமா' என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார், அது இவருடைய பதில். சரி, அது ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். பத்து வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து அதே மாமியார் அதே இடத்தில் உட்கார்ந்து, 'கவருமெண்டு டீச்சராம்டி சுகுணா' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாரே, அன்றைக்குச் சட்டம் எங்கே போயிற்று? போய்ச் சேர்ந்தவரைப் பேசக்கூடாது. பேசவில்லை. இலை பாத்திரத்துக்கு, காம்பு பேப்பருக்கு. அவளுக்குக் காலையில் டிபன் டப்பா கட்டிக் கொடுத்ததும் நான்தான், அதில் என்ன, கையோடு கையாக. தினமும் வாசலில் அவள் ஸ்கூட்டி கிளம்பும்போது ஒரு சின்னத் தூசி எழும்பி அடங்கும், அதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன், அவ்வளவுதான், பார்ப்பேன்.

உள்ளே நன்றாகத்தான் போகிறது. பெயர், ஊர், பள்ளி, எத்தனை பிள்ளைகள். சுருக்கச் சுருக்கமாகச் சொல்கிறாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. போன வாரம் முழுக்க மத்தியானத்தில் இதே மேஜையில் நான் ஸ்காட்லாந்தாக உட்கார்ந்தேன். அவள் கேள்விக்குப் பதில் சொல்லுவாள், நான் பென்சிலால் மேஜையைத் தட்டுவேன், ஒரு தட்டு என்றால் தப்பு. முதல் நாள் தட்டித் தட்டிப் பென்சில் முனையே உடைந்தது. உன் வகுப்பைப் பற்றிச் சொல் என்றேன். அவள் கண்ணெல்லாம் விரிந்துவிட்டது, தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள். அவள் வகுப்பில் புரிஞ்சுதா என்று கேட்கமாட்டாளாம். கேட்டால் எல்லாம் ஒரே ராகத்தில் புரிஞ்சுது டீச்சர் என்று இழுக்கும், அதுக்கு அர்த்தம் மணி அடிங்க டீச்சர் என்பதுதானாம். அதற்குப் பதிலாக அவள் தேடுவது தப்பை. தினமும் ஒரு நல்ல தப்பு. மூன்றில் ஒரு பங்கு பெரிசா, நாலில் ஒரு பங்கு பெரிசா என்று கேட்டிருக்கிறாள். மோனிஷா என்று ஒரு பெண், நாலுதான் டீச்சர் என்றிருக்கிறது. ஏம்மா? 'நாலா வெட்டுனா நாலு பேருக்குக் கெடைக்கும்ல டீச்சர், மூணுன்னா ஒருத்தருக்கு இல்லாமப் போயிரும்.' இதைச் சொல்லிவிட்டு அல்லி என்னைப் பார்த்தாள், 'எப்படி யோசிச்சிருக்கு பாருங்கக்கா' என்று. உடனே வகுப்பே கை தட்டவேண்டும், அதுதான் அங்கே வழக்கம், இன்றைக்கு நல்ல தப்பு மோனிஷாவுடையது. அப்புறம் கடலைமிட்டாய் வாங்கி வந்து மூன்றாக உடைத்து, நாலாக உடைத்து, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்ணையே பார்க்கச் சொன்னாளாம். நான் ஒரு நிமிஷம் பென்சிலைத் தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. எனக்கு அந்த மோனிஷாவைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அந்தக் கடலைமிட்டாயை நான் உடைத்திருக்க வேண்டும் போலவும் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லையோ என்னவோ, 'இதையெல்லாம் அங்க போய்ச் சொல்லாதே, நர்சரி ரைம் மாதிரி இருக்கு' என்றேன். தப்பு, கை தட்டு, கடலைமிட்டாய், இந்த வார்த்தையெல்லாம் வேண்டாம், நான் சொல்றதை எழுதிக்கோ. பெடகாஜிக்கல் ஃபிலாசபி என்றேன். கான்செப்சுவல் க்ளாரிட்டி என்றேன். ஒரு வாக்கியத்தில் அடுத்த வாக்கியத்தை முடிந்து, அதில் இன்னொன்றை முடிந்து, சிஸ்டர் பெர்னடெட் கேட்டால் உச்சி முகர்ந்திருப்பார், அப்படி ஒரு பதில். அழகான பதில். என் கையால் அப்படி ஒன்று எழுதி எத்தனை வருஷமாயிற்று. அதில் மோனிஷா இல்லை. அல்லியும் இல்லை. தெரியும், எழுதும்போதே தெரியும். அவள் நல்லதுக்குத்தானே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவள் உருப்போட்டாள், படியேறிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே. இரண்டாம் நாள் தட்டுவதற்கு ஒன்றுமில்லை. நாலாம் நாள் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. 'சரியா இருக்காக்கா?' என்றாள். சரியாக இருந்தது. 'சரிங்க்கா' என்றாள்.

இதோ, அந்தக் கேள்வி. ஆண்குரல்தான் கேட்கிறது, உங்கள் வகுப்பறையைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள். என் கை நின்றுவிட்டது. அவள் தொண்டையைச் செருமுகிறாள். ஆரம்பிக்கிறாள், என் வாக்கியம், மை பெடகாஜிக்கல் ஃபிலாசபி என்று, கதவு வழியாக என் வாக்கியம் வருகிறது, எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செறிகிறது. இவள் வாயில் ஏறி ஸ்காட்லாந்துக்குப் போகிறேன் நான். முதல் வாக்கியம் ஏறி இறங்கிவிட்டது. இரண்டாவதில் பாதி. அப்புறம் இல்லை. அப்புறம் ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டாள். எனக்குத் தெரியும் அந்த இடம், அந்த முடிச்சில்தான் வீட்டிலும் ஒருதரம் தடுக்கினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், மை பெடகாஜிக்கல், அதே இடம், அதே பள்ளம். நிசப்தம். ஃபிரிட்ஜ் உறுமுகிறது. தெருவில் பழைய பேப்பர்க்காரன் கத்திக்கொண்டு போகிறான். எனக்குள்ளே என்ன அது, ஜில்லென்று, வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்த மாதிரி அடிவயிறு வரைக்கும் ஒன்று இறங்குகிறதே, சந்தோஷமா? சந்தோஷம்தான். போகமாட்டாள். செப்டம்பரிலும் ஸ்கூட்டிதான், தூசிதான், டிபன் டப்பாதான். தெருவில் யாரும் என்னிடம் வந்து, உங்க ஓரகத்தி ஃபாரின் போறாங்களாமே, நீங்க என்ன பண்றீங்க என்று கேட்கமாட்டார்கள். 'இங்கிலீஷ் வரலையாம், பாவம்' என்று நானே சொல்லுவேன், பாவம் என்று சொல்லும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வேன். நிசப்தம் இன்னும் போகிறது. இவ்வளவு நேரமா? பெண்குரல் ஏதோ சொல்கிறது, டேக் யுவர் டைம் என்று, தண்ணீர் குடியுங்கள் என்று. தண்ணீர் வைத்தேனா மேஜையில்? வைத்தேன், சொம்பில் வைத்தேன். குடிடி. சொல்லித் தொலையேன், அடுத்த வார்த்தை 'தெர்ஃபோர்'டி, அவ்வளவுதான், அந்த ஒன்றைச் சொன்னால் மீதி தானாக வரும். நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், கையெல்லாம் கீரைப் பச்சை, கதவுப் பலகையைப் பார்த்து தெர்ஃபோர், தெர்ஃபோர் என்று உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறேன், பைத்தியம் மாதிரி. தேறட்டும் என்றா நிற்கிறேன்? என் வாக்கியம் பாதியில் நிற்கிறது, அதனால் நிற்கிறேன். அதனால்தான். அவள் மூச்சு விடுகிறாள், அது கேட்கிறது. பிள்ளைகள் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று விடுகிற மூச்சு.

'சாரி சார்' என்கிறாள். அப்புறம் அவளுடைய இங்கிலீஷில், காலும் கையும் உடைந்த இங்கிலீஷில், அதைத் தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்: இது என் அக்காவின் இங்கிலீஷ் சார், ரொம்ப நல்ல இங்கிலீஷ், என் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது, நான் என் இங்கிலீஷில் சொல்லட்டுமா? அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பளீரென்று, ஜன்னல் திறந்த மாதிரி. என்னை வைத்துச் சிரிக்கிறார்கள். என் அறையில் உட்கார்ந்துகொண்டு, என் புடவையைக் கட்டிக்கொண்டு, நான் கொடுத்ததைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவள் நிற்கவே இல்லை. மோனிஷா வந்துவிட்டாள், மூன்று வந்துவிட்டது, நாலு வந்துவிட்டது, கடலைமிட்டாய் என்றே சொல்கிறாள், அதற்கு இங்கிலீஷ் சொல்லக்கூடத் தோன்றவில்லை, ஸ்வீட் ஸ்டோன் என்று ஏதோ உளறி அவர்களையும் உளற வைக்கிறாள். காலம் எல்லாம் தாறுமாறு, நேற்று நடந்ததை நாளை நடத்துகிறாள், ஒருமை பன்மை ஒன்றும் கிடையாது, என் விரல் கதவில் தட்டத் துடிக்கிறது, ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அந்தப் பெண்குரல் ஓ, ஓ, லவ்லி என்று ராகம் போடுகிறது. அப்புறம் அல்லி சொல்கிறாள், அவளாகத்தான் சொல்கிறாள், யாரும் கேட்கவில்லை: போன வாரம் என் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் சார். தப்பு வந்தால் பென்சிலால் தட்டுவார்கள். தட்டத் தட்ட என் வாய் மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்ததுகூட மறந்தது. பதினாறு வருஷமாக டீச்சராக இருக்கிறேன், என் பிள்ளைகளுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் அக்கா எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தார்கள். நன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள். எனக்குக் காது எரிகிறது. நன்றாகவாம். குத்துகிறாளா? குத்தத் தெரியாது அவளுக்கு, அதுதான் இன்னும் எரிகிறது, குத்தத் தெரிந்தவள் என்றால் திருப்பிக் குத்தலாம். அந்த வெந்நீர்க்காரி விடுகிறாளா, சிரித்துக்கொண்டே கேட்கிறாள், உங்கள் அக்கா உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? புரிந்திருக்காது இவளுக்கு என்று நினைக்கிறேன். புரிந்துவிட்டது. யோசிக்கிறாள். அக்கா ரொம்ப பிரைட் என்கிறாள். ஆனால் கை தூக்கமாட்டார்கள். நூறு சதவீதம் சரி என்று தெரிந்தால்தான் தூக்குவார்கள். வகுப்பிலேயே அவர்களுக்குத்தான் அதிகப் பயம். நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருவேன். பாடம் எடுக்கமாட்டேன், சும்மா உட்காருவேன்.

நான் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன். கதவருகில் நின்றவள் நானில்லை. யாரைக் கேட்டு உட்காருவாளாம்? எனக்குப் பக்கத்தில் இடமே இல்லை, கீரை பரப்பியிருக்கிறது. ஆய்கிறேன், வேகமாக, அந்தப் பக்கம் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள், வெந்நீர்க்காரி கடைசியாக ஒரு கொதி கொதிக்கிறாள், நீளமாக, மடமடவென்று. அல்லி தேங்க்யூ தேங்க்யூ மேடம் என்கிறாள், அதைப் பார்த்தால் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை என்று தெரிகிறது. எனக்குப் புரிந்தது. சுகுணாவுக்குக் காது இருக்கிறது. வெந்நீர்க்காரி சொன்னது இதுதான்: முறைப்படி தகவல் வருவதற்கு முன்னால் நான் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், ஒரு கனமான கம்பளிக் கோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் ஊர் செப்டம்பர் ஏமாற்றும். கதவு திறக்கிறது. அல்லி என் மஞ்சள் புடவையில் நிற்கிறாள், அக்குள் ஈரமாகியிருக்கிறது, துவைத்துத்தான் வாங்கவேண்டும். 'அக்கா, எப்படி இருந்துச்சு?' என்கிறாள். நான் எதைக் கேட்டேன், எனக்கு இங்க வேலை இல்லையா என்கிறேன். அவள் மேஜையைப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். பாத்திரம் நிறையக் காம்பு. பேப்பரில் மலை மாதிரி இலை. எப்போதிலிருந்து இப்படிப் போட்டுக்கொண்டிருந்தேன்? அவள் இரண்டு கையையும் மெல்லச் சேர்த்து ஒருதரம், ஒரே ஒருதரம் தட்டுகிறாள், அப்புறம் பயந்துபோய்க் கையை முந்தானையில் ஒளித்துக்கொள்கிறாள். 'கொழுப்புடி உனக்கு' என்கிறேன். 'சரிங்க்கா' என்று சிரிக்கிறாள், நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரிலிருந்து இலையை அள்ளிப் பாத்திரத்துக்கும் காம்பை எடுத்துப் பேப்பருக்கும் மாற்ற ஆரம்பிக்கிறாள். 'ரொம்ப ஒளறிட்டேங்க்கா. நீங்க சொன்னது ஒண்ணையும் சொல்லலை. போச்சுன்னுதான் நெனைக்கிறேன். கடைசியா அந்தம்மா என்னமோ சொன்னாங்க, வேகமா, வருத்தமா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க, இல்ல?' என்னைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில், இந்த ஊரில், எனக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இதை நான் வைத்துக்கொள்ளலாம், நாக்குக்கு அடியில், கற்கண்டு மாதிரி, முறைப்படி தகவல் வருகிற வரைக்கும் இது என்னுது. எழுந்து போய்ப் பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டு மூடி, அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவள் இன்னும் இலையைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொன்றாக, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பிள்ளை மாதிரி. விசில் வருகிறது, வீட்டையே கிழித்துக்கொண்டு. அது அடங்குகிற வரைக்கும் வைத்திருந்தேன், அவ்வளவு நேரம் எனக்கு உண்டு.

'கம்பளிக் கோட்டு எடுத்துட்டு வரச் சொன்னா' என்றேன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, 'கனமானதா. செப்டம்பர்லயே குளிருமாம்.' பின்னால் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. 'வந்து என் பீரோவுல தேடாதே' என்றேன், 'அது ஒண்ணுதான் என்கிட்ட இல்ல.'